இருபத்தைந்தாவது துண்டு

மலைக்கும் மேகத்துக்கும் நடுவே யாரும் எல்லை போடாத காலம் அது. கேட்க நேரம் உள்ளவர்கள் அருகே வந்து உட்காருங்கள். நேரம் இல்லாதவர்கள் நின்றபடியே கேட்டுவிட்டுப் போங்கள்.

முகில்மேடு என்று ஒரு மலையூர் இருந்தது. அங்கே வெயில்தான் விருந்தாளி, குளிர் வீட்டுக்காரன். அந்த ஊருக்குத் தலைவர் மாசாணர். அவருடைய ஒரே மகன் சடையன். சடையனின் மனைவி வஞ்சி, சமவெளியிலிருந்து வாழ வந்தவள்.

வஞ்சிக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆற்றுக்கு ஏன் இந்தப் பெயர், ஆடு ஏன் பாறையை நக்குகிறது, பனி எந்த வழியாகப் போகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பிறந்த வீட்டில் அவளைக் கேள்விக்காரி என்பார்கள். புகுந்த வீட்டில் அதைச் சொல்லாமல், பெருமூச்சு விடுவார்கள்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

முகில்மேட்டில் பிள்ளை பிறந்தால் ஒட்டுப்போர்வை தைப்பார்கள். அதற்குக் கடையில் வாங்கிய துணி ஆகாது. உடுத்திப் பழகிய துணி வேண்டும். தகப்பன் வழியில் எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு சதுரம். தாய் வழியில் எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு சதுரம். ஊரில் எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு சதுரம். முதல் பதினாறும் மாறி மாறி ஓரத்தைச் சுற்றி வரும். ஊராரின் எட்டும் அதற்கு உள்சுற்று. கடைசியில் நடுவே ஒரு கட்டம் மிஞ்சும். அந்த இருபத்தைந்தாவது துண்டு யாருடையது என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். யாருடையதானாலும், அதை வீட்டுக்குப் பெரியவர் தம் கையால் தைக்க வேண்டும். இதுதான் அந்த ஊர் வழக்கம்.

தைத்து முடித்த போர்வையில் பிள்ளையைக் கிடத்தித்தான் பெயர் வைப்பார்கள். மூன்றாம் பௌர்ணமிக்குள் பெயர் வைக்காத பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை ஆகாது. தாயும் பிள்ளையும் தாய்வீட்டுக்குத் திரும்ப வேண்டும். தலைவர் வீடானாலும் அதில் மாற்றம் கிடையாது.

இரண்டு பௌர்ணமி கடந்துவிட்டது. இருபத்துநான்கு துண்டும் தைத்தாகிவிட்டது. நடுக்கட்டம் மட்டும் ஓட்டையாகக் கிடந்தது.

"நடுவுக்கு யார் துணி மாமா?" என்று வஞ்சி கேட்டாள்.

"என்னுடையதுதான்," என்றார் மாசாணர். அந்த மலைநாட்டை ஆண்ட மலையரசர் தம் கையால் அவருக்குப் போர்த்திய பட்டைக் கொண்டுவந்து வெட்டித் தைத்தார். அதை அவர் ஒரே ஒரு நாள் போர்த்தியிருந்தார். ஓடையில் ஒரு அலசு அலசியதும் பட்டு சுருங்கி, சுற்றியிருந்த பழந்துணியைக் கிழித்துக்கொண்டு தனியே வந்துவிட்டது.

இரண்டாவது யோசனை, பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக வந்திருந்த நாத்தனார் நல்லக்காளுடையது. "துண்டே எதுக்கு? நாலு பக்கமும் இழுத்துச் சேர்த்துட்டாப் போச்சு," என்றாள். இழுத்துச் சேர்த்தார்கள். போர்வை சட்டி போலக் குழிந்தது. பிள்ளையைக் கிடத்திப் பார்த்தால் உருண்டு நடுவில் போய் விழுந்து அழுதது.

"மதினி, இதுல பிள்ளையைப் படுக்க வைக்கணுமா, கூழ் காய்ச்சணுமா?" என்று கேட்டாள் வஞ்சி. நல்லக்காள் தையலைப் பிரித்தாள்.

மூன்றாவதாக மாசாணரின் தலைப்பாகையிலிருந்து ஒரு துண்டு வைக்கலாம் என்றார்கள். அன்றுதான் வஞ்சியின் ஊரிலிருந்து வந்திருந்த அவள் தாய்மாமன் விரல்விட்டு எண்ணினார். "உங்க பக்கம் ஒன்பது, எங்க பக்கம் எட்டா? அப்ப பிள்ளையில பெரும்பங்கு உங்களுக்குத்தானா? எங்க துண்டை எல்லாம் பிரிச்சுக் குடுங்க, போறோம்," என்று எழுந்தே விட்டார். அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைக்க ஒரு பகல் போயிற்று.

ஓட்டை ஓட்டையாகவே இருந்தது. மூன்றாம் பௌர்ணமிக்கு ஒன்பது நாள் இருந்தது.

மற்றவர்கள் அந்த ஓட்டையை எப்படி அடைப்பது என்று பார்த்தார்கள். வஞ்சி மட்டும் அது எதற்காக அங்கே இருக்கிறது என்று பார்த்தாள். ஒரு மதியம், பிள்ளை தூங்கும்போது, பரணிலிருந்த பெட்டியைத் திறந்து தன் கணவனுக்குத் தைத்த பழைய போர்வையை எடுத்து விரித்தாள்.

நடுவில் கறுப்புக் கம்பளித் துண்டு.

நல்லக்காளின் போர்வையை விரித்தாள். நடுவில் கறுப்புக் கம்பளித் துண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் மாசாணர் பிறந்தபோது தைத்த போர்வை, நைந்து வலையாகிப்போய்க் கிடந்தது. அதிலும் நடுவில் கறுப்புக் கம்பளித் துண்டு. மற்ற துணியெல்லாம் உதிர்ந்தும் அது மட்டும் உதிரவில்லை. முகர்ந்து பார்த்தாள். ஆட்டு வாசனை.

"இது யாருடைய கம்பளி மதினி?"

நல்லக்காள் திரும்பிப் பார்க்கவில்லை. "நடுவுல கதகதப்பா இருக்கட்டும்னு வச்சிருப்பாங்க. நீ பிள்ளையைப் பாரு."

பட்டு கிழித்த இடங்களைத் தைக்க வந்த ஊர்ப்பெண்களைக் கேட்டாள். பேசிக்கொண்டே தைத்தவர்கள் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார்கள். கோத்த ஊசியிலேயே மறுபடியும் கோத்தாள் ஒருத்தி.

கடைசியாகக் கணவனைக் கேட்டாள். சடையன் நல்லவன், ஆனால் அப்பாவின் முகம் பார்த்து வளர்ந்தவன். வாசலுக்குப் போய் நின்று, "தெற்குச் சரிவுல ஆட்டுக்கிடை போட்டிருக்காங்க போலிருக்கு, புகை தெரியுது," என்றான். அவனால் முடிந்தது அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

பெயர் இல்லாத பிள்ளையை ஊர் எல்லை தாண்டி எடுத்துப் போகக்கூடாது. ஆகவே மறுநாள் காலை வயிறு நிறையப் பால் கொடுத்து, பிள்ளையை நல்லக்காள் மடியில் போட்டுவிட்டு, வஞ்சி தனியாகச் சரிவில் இறங்கினாள். அடுத்த பசிக்குள் திரும்பியாக வேண்டும்.

கிடையில் மாசாணர் வயதுடைய ஒருத்தி ஆட்டுக்குட்டியின் காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். தோளில் கறுப்புக் கம்பளி. அவள் பெயர் காத்தாயி. வந்தவளை அவள் ஏற இறங்கப் பார்த்தாள். வஞ்சியின் மார்ச்சேலை நனைந்திருந்தது.

"பிள்ளைக்காரியா? பால் கட்டிக்கிட்டுது பாரு. வந்த விஷயத்தைச் சீக்கிரம் சொல்லு தாயி. அங்க ஒரு உயிரு பசிச்சிருக்கும்."

வஞ்சி தான் யார் என்று சொன்னாள். காத்தாயியின் கை நின்றது. பிறகு மறுபடியும் முள்ளைத் தேடியது.

"எங்கள் வீட்டுப் போர்வையில் எல்லாம் நடுவில் உங்கள் கம்பளி இருக்கிறதே, அது ஏன் ஆத்தா?"

"உன் மாமனாரு பிறந்த அன்னிக்கே அவன் ஆத்தா போய்ச் சேர்ந்துட்டா. அந்த ஊர்ல அப்ப பாலுள்ள பொம்பளை யாரும் இல்லை. எங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவன். ரெண்டு வருஷம். அன்னிலேர்ந்து அந்த வீட்டுப் போர்வைக்கு நடுத்துண்டு எங்க கம்பளிதான். அம்மா போனப்புறம் நான் குடுத்தேன்."

"பிறகு ஏன் நின்றுபோனது?"

"ஏழு வருஷத்துக்கு முன்னால உங்க வீட்டுல பெரிய விருந்து. மலையரசர் வந்திருந்தார். நானும் போயி முன்வரிசையில உட்கார்ந்தேன். எப்பவும் உட்காருற இடம். அரசர் என்னையும் என் கம்பளியையும் பார்த்துட்டு, 'இது யாரு?'ன்னு கேட்டாரு. உன் மாமன், 'தயிர்க்காரி'ன்னு சொன்னான்."

குட்டியை இறக்கிவிட்டாள். அது நொண்டாமல் ஓடியது.

"சொன்னது பொய் இல்லை. அன்னிக்கு ரெண்டு பானை தயிர் கொண்டுதான் போயிருந்தேன். சாப்பிட்டேன், இலையை எடுத்தேன், வந்துட்டேன்."

வஞ்சி அதைப் பற்றி மேலும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தவளுக்குக் கேட்காமல் இருப்பதும் சில சமயம் தெரியும். பிறகு தன் பிள்ளையின் நிலைமையைச் சொல்லி, ஒரு சாண் கம்பளி கேட்டாள்.

"துணி என்ன பெருசு? இப்பவே வெட்டித் தருவேன். நாளைக்கு உன் மக, 'நடுவுல இருக்கிறது யாரு?'ன்னு உன்னைக் கேட்பா. தயிர்க்காரின்னு சொல்லுவியா?" காத்தாயி எழுந்து கம்பளியை உதறிப் போர்த்திக்கொண்டாள். "சொன்னவன் வந்து கேட்டா, தரேன். நீ ஓடு. பால் சொட்டுது."

வஞ்சி ஓடினாள். மாமனார் முன் நின்று கேட்டதை எல்லாம் சொன்னாள். மாசாணர் கூரையைப் பார்த்தார். "கறுப்புக் கம்பளி சந்தையில் கிடைக்கும். ஒன்று வாங்கி வரச் சொல். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது," என்றார்.

கம்பளி வந்தது. வஞ்சி அதைத் தொடவில்லை. எதிர்த்துப் பேசவும் இல்லை. மூன்றாம் பௌர்ணமியன்று காலையில் ஊர் கூடுமுன் எழுந்து, ஒட்டுப்போர்வையை ஓட்டையோடு எடுத்துப்போய், முற்றத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கொடி கட்டி விரித்துத் தொங்கவிட்டாள்.

உறவினர் வந்தார்கள், ஊரார் வந்தார்கள், அழைப்பை ஏற்று மலையரசரும் வந்தார். போர்வையின் பின்னால் தூரத்து மலை இருந்தது. ஓட்டை வழியாக அதன் ஒரு சதுரம் தெரிந்தது. வந்தவர்கள் எல்லாருடைய கண்ணும் அங்கேயே போயிற்று. இருபத்துநான்கு துண்டு கொடுத்தவர்களின் பெயரைக் கேட்க ஆளில்லை. இல்லாத ஒன்றைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

அரசர் வஞ்சியைக் கேட்டார், "நடுவில் யாரம்மா?"

"நான் நேற்று வந்தவள், ஐயா. இந்த வீட்டுக்குப் பெரியவரைக் கேளுங்கள்."

நல்லக்காளின் கையில் பிள்ளை சிணுங்கியது. இன்று பொழுது சாய்ந்தால் அந்தப் பிள்ளை இந்த வீட்டில் இல்லை. மாசாணர் பிள்ளையைப் பார்த்தார், சந்தைக் கம்பளியைப் பார்த்தார், அரசரைப் பார்த்தார்.

"தயிர்..." என்று தொடங்கினார்.

பிறகு தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "அது என் அக்காவின் இடம். என் அம்மா என்னைப் பெற்ற அன்றே போய்விட்டாள். அக்காவின் அம்மாதான் பால் கொடுத்து என்னை வளர்த்தாள். ஏழு வருஷத்துக்கு முன் இதே முற்றத்தில் நீங்கள், அவள் யார் என்று கேட்டீர்கள். ஆட்டுக்காரி என் அக்கா என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பொறுத்திருங்கள். போய்க் கூட்டி வருகிறேன்."

ஊர்த்தலைவர் வெறுந்தலையோடு சரிவில் இறங்கிப் போனார். பின்னால் யாரும் போகவில்லை. விருந்து ஆறியது. அரசரும் காத்திருந்தார். கிடையில் அக்காவும் தம்பியும் என்ன பேசினார்கள் என்று வஞ்சிக்கு அறிய ஆசைதான். ஆனால் அதை மட்டும் அவள் வாழ்நாள் முழுக்க யாரிடமும் கேட்கவில்லை.

வெயில் சரியும் நேரத்தில் இருவரும் ஏறி வந்தார்கள். காத்தாயி தோளிலிருந்த கம்பளியில், கழுத்தை ஒட்டி அதிகம் தேய்ந்த இடமாகப் பார்த்து, ஒரு சதுரம் வெட்டினாள். மாசாணர் ஊசி வாங்கினார். நூலை மூன்று தரம் கோத்துப் பார்த்தார். மூன்று தரமும் நழுவியது.

"இங்க குடு. சின்னதிலேர்ந்தே உனக்கு அவசரம். என் பங்கையும் சேர்த்துக் குடிச்ச பய நீ," என்று பிடுங்கிக் கோத்துக் கொடுத்தாள் காத்தாயி. அரசருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாசாணர் தலை நிமிராமல் தைத்தார். தையல் கோணல் மாணலாகப் போயிற்று. யாரும் திருத்தவில்லை.

பிள்ளையைக் கிடத்தினார்கள். "உன் அம்மா பெயரையே வைக்கலாம் அக்கா," என்றார் மாசாணர்.

"எங்க அம்மாவுக்கு அவ பேரு போதும். பெத்தவளை யாராவது கேட்டீங்களா?" என்றாள் காத்தாயி.

யாரும் கேட்டிருக்கவில்லை. எல்லாரையும் கேள்வி கேட்ட வஞ்சியின் விருப்பத்தை அன்றுதான் முதன்முதலாக ஒருவர் கேட்டார். அவள் குனிந்து பிள்ளையின் காதில், "ஆதிரை," என்றாள்.

அந்தக் கோணல் தையல் ஆண்டுக்கு ஒரு முறையாவது விட்டுப்போகும். விட்டுப்போகும் போதெல்லாம் மாசாணரே உட்கார்ந்து தைத்தார். நூல் கோக்க அக்கா வந்தாள். அவள் வராமற்போன வருஷம் வந்தது. அந்த வருஷம் அவர் தாமே கோக்கக் கற்றுக்கொண்டார்.

கேட்டவர்களே, தன்னை வளர்த்தவரை ஊரறியச் சொல்ல வெட்கப்படும் குடும்பத்தின் பெருமை, எத்தனை கைகள் கூடித் தைத்தாலும் முழுமை பெறாது.