அரசன் திரும்பிப் பார்த்த தேர்

பெரியவர்களே, பிள்ளைகளே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நிழலை அளந்து பொழுது சொன்ன காலத்தில், பனங்குன்றம் என்ற மலையடி நகரை வேளாதன் என்றொரு அரசன் ஆண்டு வந்தான்.

நல்ல அரசன். கை நிறையக் கொடுப்பவன். யாருக்கு, எதற்காகக் கொடுக்கிறோம் என்பது மட்டும் அவனுக்கு அவ்வளவாகத் தெரியாது.

பனங்குன்றத்தில் ஒரு தேர் இருந்தது. ஏழு நிலை உயரம். நான்கு சக்கரம். ஒவ்வொன்றும் ஓர் ஆளை விழுங்கும் உயரம். பங்குனியில் ஒரே ஒரு நாள் அது நான்கு வீதியும் சுற்றி வரும். ஏழு ஊர்ச் சனமும் வடம் பிடித்தால்தான் அசையும். அசைந்துவிட்டால் அதை நிறுத்த வடத்தால் ஆகாது. திருப்பவும் ஆகாது. வடம் இழுக்க மட்டுமே.

நிறுத்துவதும் திருப்புவதும் கட்டைக்காரர்கள் வேலை. மொத்தம் எட்டுப் பேர். ஆப்புப் போலச் செதுக்கிய கட்டையை, உருண்டு வருகிற சக்கரத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். வைத்த கையை உடனே எடுக்க வேண்டும். ஒரு பக்கம் வைத்தால் தேர் திரும்பும். இரு பக்கமும் வைத்தால் நிற்கும். கையை எடுக்கப் பிந்தினால் கை இருக்காது.

எட்டுப் பேருக்கும் தலைவன் சடையன்.

முதல் வடத்தை அரசன் பிடிப்பது அந்த ஊர் வழக்கம். வேளாதனும் பன்னிரண்டு ஆண்டு பிடித்தான். பன்னிரண்டாம் ஆண்டு, வடக்கு வீதிச் சரிவில் தேர் தானாக ஓடத் தொடங்கியது. அரசன் அறிந்தது இவ்வளவுதான்: கையிலிருந்த வடம் சட்டென்று தொய்ந்தது. பின்னால் ஓர் அலறல். பிறகு அமைதி. திரும்பிப் பார்த்தபோது தேர் நின்றிருந்தது. கடைசி வரிசைக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்.

சடையன்தான் கட்டை போட்டு நிறுத்தினான். அரசன் அதைப் பார்க்கவில்லை.

அன்று மாலை மண்டபத்தில் ஏறி நின்று அரசன் சொன்னான்: "வடம் பிடித்தவர்கள் உயிரைக் கொடுத்துத் தேரைப் பிடித்து நிறுத்தினார்கள்!" அவர்களுக்கே மாலையும் போட்டான். ஊரே ஆரவாரம் செய்தது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற சடையன் வீட்டுக்குப் போனான்.

அடுத்த பங்குனிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அமைச்சர் வந்தார்.

"அரசே, சடையன் இந்த ஆண்டு கட்டை போட வரமாட்டானாம்."

"மற்ற ஏழு பேர்?"

"சடையண்ணன் இல்லாமல் சரிவில் இறங்கமாட்டோம் என்கிறார்கள்."

"தேரை ஓர் ஆண்டு நிறுத்திவைத்தால்?"

"ஏழு ஊரும் கேட்காது. நாம் இழுக்காவிட்டால் அவர்களே இழுத்துவிடுவார்கள். சரிவில் எத்தனை பேர் போவார்களோ, தெரியாது. ஆள் அனுப்பிச் சடையனைக் கட்டி இழுத்து வரச் சொல்லட்டுமா?"

"கட்டி இழுத்து வந்த கை சக்கரத்துக்கு முன்னால் நடுங்கினால் என்ன செய்வீர்?" என்றான் அரசன். "அவன் மனம் குளிர ஏதாவது அனுப்புங்கள்."

முதலில் ஒரு பட்டு போனது. சடையனின் மனைவி வேம்பி அதைத் தடவிப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "பட்டு நல்லாத்தான் இருக்கு. இதைக் கட்டிக்கிட்டுச் சக்கரத்தடியில குனிய முடியுமா? வடம் பிடிக்கிறவங்களுக்கே கொடுங்க. அவங்கதான் நிமிர்ந்து நிக்கிறவங்க."

அடுத்து ஒரு பட்டம் போனது. முரசு அறைந்து வாசலில் நின்று கூவினார்கள்: "வடம் காத்த வீரர் சடையனார் வாழ்க!" வேம்பி வாயில் துணியை வைத்துச் சிரித்தாள். "வடத்துக்கு என்னய்யா ஆச்சு? அது பாட்டுக்குக் கிடந்துச்சு."

மூன்றாவதாக, அரசனே யோசித்து ஒன்று செய்வித்தான். சடையனின் தொழிலுக்கே மரியாதை என்று, ஒரு கட்டையைச் செதுக்கி, மேலெல்லாம் பொன் தகடு போர்த்தி அனுப்பினான்.

இந்த முறை வேம்பி சிரிக்கவில்லை. பொற்கட்டையை வாசற்கல்லில் வைத்து ஒரு விரலால் தள்ளினாள். அது வழுக்கிக்கொண்டு போய் அரண்மனை ஆளின் காலில் இடித்தது.

"பாத்தீங்களா? தேர் ஏறினா இது நிக்குமா? எங்க வீட்டுக்காரர் கையை வாங்குறதுக்குத்தான் பொன் பூசி அனுப்பினீங்களா?"

கட்டை அரண்மனைக்குத் திரும்பி வந்தது. நடந்ததைக் கேட்ட அரசன் அதைத் தரையில் வைத்து, தானும் ஒரு விரலால் தள்ளினான். அது ஓடியது. மறுபடியும் தள்ளினான். மறுபடியும் ஓடியது.

பன்னிரண்டு ஆண்டு தேர் இழுத்தவனுக்குத் தேர் எப்படி நிற்கிறது என்று தெரியவில்லை. அரசனுக்கு முகம் சுட்டது.

அன்று நண்பகலிலேயே, குடையில்லாமல், படையில்லாமல், சடையன் வீட்டுக்கு நடந்தான்.

"என் மேல் கோபமா, சடையா?"

"கோபமில்ல அரசே. பயம். போன வருசம் நின்ன தேரை வடம் நிறுத்துச்சுன்னு சொன்னீங்க. நாளைக்கு என் கை போச்சுன்னா, சடையன் எதுக்கு அங்க போனான்னு கேப்பீங்க."

அரசன் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"நானும் அங்கேதான் இருந்தேன். ஆனால் தேர்ப்பக்கம் என் முதுகுதான் இருந்தது. இந்த ஆண்டு நான் வடம் பிடிக்கவில்லை. உன்னோடு சக்கரத்தருகே வருகிறேன்."

"குனிஞ்சு குனிஞ்சு வரணுமே, கிரீடம் விழுந்துருமே!" என்றாள் வேம்பி.

"கழற்றி வைத்துவிட்டு வருகிறேன், அம்மா."

சடையன் யோசித்தான். "இந்த ஒரு தடவை வாறேன். அதுக்கு மேல இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பங்குனி வந்தது. ஏழு ஊரும் வந்தது. முதல் வடத்தை அமைச்சர் பிடித்தார். அரசன் வெறுந்தலையோடு, வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, சக்கரத்தருகே நின்றான்.

தேர் அசைந்தது.

பன்னிரண்டு ஆண்டு இழுத்த தேரை அன்றுதான் அரசன் முதன்முதலில் பார்த்தான். மலை ஒன்று எழுந்து நடந்து வருவதுபோல் வந்தது. அண்ணாந்தால் வானம் இல்லை; மரமும் மணியும் கொடியும்தான். அச்சு முனகியது. காலடியில் மண் அதிர்ந்தது. அத்தனை பாரத்துக்கும் முன்னால், ஒரு மனிதன் கையில் ஒரு துண்டு மரத்தோடு குந்தியிருந்தான்.

சடையன் சக்கரத்தைப் பார்க்கவே இல்லை. இடது உள்ளங்கையை மண்ணில் பதித்து, அதிர்வைக் கேட்டுக்கொண்டிருந்தான். வலது கை கட்டையை நீட்டியது, விட்டது, விலகியது. சக்கரம் கட்டையில் ஏறிப் பெருமூச்சு விட்டுத் திரும்பியது. கிழக்கு வீதியில் அப்படி. தெற்கு வீதியில் அப்படி. மேற்கு வீதியிலும் அப்படி.

வடக்கு வீதியில் சரிவு தொடங்கியது. வடம் தொய்ந்தது. தேர் தானாக வரத் தொடங்கியது. ஓடிவிடலாமா என்று அரசனுக்கு ஒரு கணம் தோன்றியது. ஓடவில்லை.

சடையன் முதல் கட்டையை வைத்தான். தேர் அதை நொறுக்கிக்கொண்டு வந்தது. இரண்டாவதை வைத்தான், நொறுங்கவில்லை, தேர் தள்ளாடியது. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு பொறுத்தான். எதிர்ப்பக்கச் சக்கரத்தில் இருந்த கட்டைக்காரன் மாடனைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். இரண்டு கைகள் ஒரே நொடியில் நீண்டன. ஒரே நொடியில் விலகின.

தேர் நின்றது. உச்சியிலிருந்த மணிகள் மட்டும் சற்று நேரம் ஆடிக்கொண்டிருந்தன.

அரசன் தன் கைகள் குவிந்திருப்பதைப் பார்த்தான். எப்போது குவிந்தன என்று அவனுக்குத் தெரியவில்லை. சடையன் அதைக் கவனிக்கவில்லை; அடுத்த கட்டையை எடுக்கப் போயிருந்தான்.

தேர் நிலைக்கு வந்ததும் சனங்கள் மண்டபத்தின் முன் கூடினார்கள். அரசன் உடம்பெல்லாம் புழுதியோடு ஏறி நின்றான்.

"வடக்குச் சரிவில் வடம் தொய்ந்தது. யாரும் தேரைப் பிடித்து நிறுத்தவில்லை. சடையன் நிறுத்தினான். கட்டையை அவன் நேராக வைக்கவில்லை. சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால், உள்பக்கமாகச் சாய்த்து வைத்தான். நேராக வைத்திருந்தால் தேர் ஒரேயடியாக முட்டி முன்பக்கம் கவிழ்ந்திருக்கும். மூன்றாவது கட்டையை உடனே போடாமல் மாடனுக்காகப் பொறுத்தான். தனியாகப் போட்டிருந்தால் தேர் வீடுகள் மேல் திரும்பியிருக்கும். போன ஆண்டும் இவன்தான் நிறுத்தினான். நான் பார்க்காமல் பேசினேன். அது என் பிழை."

பிறகு எட்டுப் பேரின் பெயரையும், ஒவ்வொருவரும் எந்தச் சக்கரத்தில் என்ன செய்தார் என்பதையும் சொன்னான்.

யாரும் ஆரவாரம் செய்யவில்லை. எல்லாத் தலைகளும் மெல்லத் திரும்பி, தேரின் அடியைப் பார்த்தன.

வேம்பி கணவனின் தோளை இடித்தாள். "சாய்ச்சு வைப்பீங்களா? பதினெட்டு வருசமா உங்ககூட இருக்கேன், எனக்கே சொன்னதில்லையே!"

"யாரு கேட்டா?" என்றான் சடையன்.

அரசன் படியிறங்கி அவன் முன்னால் வந்து நின்றான். அடுத்த ஆண்டைப் பற்றிக் கேட்க வாயெடுத்தான். கேட்கத் துணியவில்லை.

சடையன் தேரின் பக்கம் கையைக் காட்டினான். "அரசே, சரிவுல ஒரு கட்டை நொறுங்கிப் போச்சு. ரெண்டு தேஞ்சு போச்சு. புளிய மரம் ஒண்ணு வெட்டச் சொல்லுங்க. இப்ப வெட்டிப் போட்டாத்தான் வர்ற பங்குனிக்குள்ள காயும்."

அன்று மாலையே அரசன் கட்டைக்காரர்களோடு தோப்புக்குப் போய், எந்த மரம் என்று சடையனையே கேட்டான்.

கதை இவ்வளவுதான், கேட்டவர்கள் மனதில் வைக்க வேண்டியது ஒன்று: உழைப்பவர் செய்வதை அருகில் நின்று பார்த்து, பார்த்ததைப் பார்த்தபடியே நாலு பேர் அறியச் சொல்வதுதான் ஒரு தலைவன் அவருக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை.