பதினொரு வெள்ளிக்கிழமை

மண்டபம் கடற்கரையை ஒட்டித் தவசிச் சாமியின் மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓட்டுக்கூரை, இரண்டு அறை, ஒரு உப்புத்தண்ணீர்க் கிணறு, அவ்வளவுதான். பதினைந்து வருஷத்துக்கு முன் அதன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்த குணநாயகம், கூலி வாங்கிக்கொண்டு போனவர், மறுநாள் சும்மா வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவர் சீடர். சாமியைவிடப் பன்னிரண்டு வயது மூத்த சீடர் என்பதால் சாமி அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணப் பக்கமிருந்து படகேறி வந்து, அகதி முகாமில் தங்கி, ஊர்ச் சுவர்களுக்கெல்லாம் பெயின்ட் அடித்துக் காலத்தை ஓட்டியவர் குணநாயகம். அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. இந்திய ரூபாய் ஒன்றுக்கு இலங்கை ரூபாய் எவ்வளவு என்பதை முப்பது வருஷமாக அதில் எழுதிவந்தார். முதல் வரி அவருடைய அப்பா காலத்து விலை: ஒன்றுக்கு ஒன்று. பிறகு ஒன்றரை, இரண்டு, இரண்டரை. சாமி பல தடவை கேலி செய்திருக்கிறார். "என்னண்ணே, ஜாதகமா எழுதுறீங்க?"

கூடப்பிறந்தவர்களில் ஊரில் அவருக்கு மிச்சமிருந்தது பூமணி அக்கா ஒருத்திதான். இலங்கையில் பால்மாவும் பெட்ரோலும் காணாமல் போன அந்த வருஷம் அக்காவின் நெஞ்சில் கோளாறு கண்டது. ஆபரேஷன் செய்ய இலங்கைக் காசில் ஐந்து லட்சம் என்றார்கள். குணநாயகத்திடம் இந்தியக் காசு இரண்டு லட்சம் இருந்தது. மாற்றி அனுப்பினால் சரியாகப் போதும்.

அவர் அனுப்பவில்லை.

இப்போது மாசி கழிந்து, பங்குனி கழிந்து, சித்திரையும் முடியப்போகிறது. ஒரு மத்தியான நேரம். குணநாயகம் நோட்டையும் ஒரு துணிப்பையையும் சாமிக்கு முன்னால் வைத்தார். பையில் அந்த இரண்டு லட்சம் அப்படியே இருந்தது. அக்கா செத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"ஒரு கேள்வி இருக்கு, சாமி."

"கேளுங்க."

"நான் இந்தக் காசை எந்த நாள் மாத்தியிருக்க வேணும்?"

சாமி நோட்டைத் திறக்கவில்லை. "நீங்களே வாசிங்கண்ணே. கடைசிப் பக்கம்."

குணநாயகம் வாசித்தார். "முதல் வெள்ளி, ரெண்டு எழுபது. ரெண்டாவது வெள்ளி, மூண்டு இருபது. மூண்டாவது, மூண்டு அறுபது."

"அப்பவே மாத்தியிருக்கலாமே?"

"இன்னும் ஏறும்போல இருந்தது. கூடக் கிடைச்சா வீட்டுக் கூரையையும் மாத்தலாம் எண்டு நினைச்சன். எனக்கெண்டு ஒரு சதம் நினைக்கேல்லை, சாமி."

அது உண்மை. அந்த மனுஷன் தனக்கென்று நல்ல சட்டை ஒன்று எடுத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் விலை ஏற ஏற அவர் சந்தோஷப்பட்டதும் உண்மை. அங்கே காசு செத்துக்கொண்டிருந்ததால்தான் இங்கே கூடிற்று. ஆபரேஷன் செலவும் ஐந்திலிருந்து ஏழு, ஒன்பது என்று கூடவே ஏறிற்று. அது மட்டும் அவர் நோட்டில் ஏறவில்லை.

"இந்த விலையெல்லாம் பேப்பர்ல பாத்ததா?" என்றார் சாமி.

"பேப்பர் விலைக்கு ஆர் குடுக்கிறான்? சாவகச்சேரி டவுனிலை காசு மாத்துற கடை ஒண்டு இருக்கு. வாசல் பலகையிலை எழுதிப் போடுவினம். அதைப் பாத்துத்தான் சொல்லோணும் எண்டு அக்காவிட்டைச் சொல்லியிருந்தனான். வெள்ளிக்கு வெள்ளி பலகைக்கு முன்னாலை நிண்டு எனக்கு ஃபோன் எடுப்பா."

"எடுத்ததும் என்ன சொல்வாங்க?"

குணநாயகம் கொஞ்சம் யோசித்தார். "பொறு தம்பி, மூச்சு எடுத்திட்டுச் சொல்லுறன் எண்டுவா."

"நீங்க?"

"எவ்வளவு அக்கா எண்டு கேப்பன்."

சாமி தலையாட்டினார். "மேல வாசிங்க."

அவர் வாசித்துக்கொண்டே போனார். பதினோராவது வெள்ளியில் நாலு அறுபது. நோட்டிலேயே அதைவிடப் பெரிய எண் கிடையாது. அன்றைக்குத்தான் அவர், "காணும் அக்கா, இவ்வளவு போதும், நாளைக்கே அனுப்புறன்" என்று சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து அக்காவின் மகள் அழைத்தாள். அம்மா டவுனில் கடைவாசலில் விழுந்துவிட்டா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே எல்லாம் முடிந்துவிட்டது என்றாள்.

"மருந்து வாங்கப் போன இடத்திலை விழுந்திட்டா எண்டுதான் நான் நினைச்சன்" என்றார் குணநாயகம்.

"டவுன்ல மருந்து இருந்துச்சா?"

"மருந்து எங்கை சாமி? ரெண்டு மாசமா இல்லை."

சாமி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அக்கா வீட்டுக்கும் டவுனுக்கும் எவ்வளவு தூரம்?"

"எங்கடை ஊர் மட்டுவில். அங்கையிருந்து ரெண்டு மைல்."

"எதுல போவாங்க?"

"பஸ்ஸிலை…"

குணநாயகம் அதோடு நிறுத்திக்கொண்டார். டீசல் இல்லை, பஸ் இல்லை, ஆட்டோவும் இல்லை என்று அந்த வருஷம் முகாமெல்லாம் ஊர்க்கதை பேசித் திரிந்தவர் அவர்தான். நெஞ்சுக் கோளாறு என்பதும் தெரியும். பஸ் இல்லை என்பதும் தெரியும். பதினொரு வாரமாக இரண்டையும் அவர் சேர்த்து நினைக்கவே இல்லை.

கிணற்றடியில் வாளியை யாரோ வைக்கும் சத்தம் கேட்டது.

சாமி எழுந்துபோய் ஒரு பென்சில் கொண்டுவந்தார். சுவரில் கோடு போட குணநாயகமே முன்னொரு நாள் விட்டுப்போன பென்சில். அதை அவர் கையில் கொடுத்தார்.

"ஒவ்வொரு வெள்ளிக்கும் பக்கத்துல எழுதுங்கண்ணே."

"என்னெண்டு சாமி?"

"நாலு மைல்."

குணநாயகம் எழுதினார். எழுத்து கோணியது. இரண்டு எழுபதுக்குப் பக்கத்தில் நாலு மைல். மூன்று இருபதுக்குப் பக்கத்தில் நாலு மைல். பத்து வெள்ளியும் எழுதி முடித்துப் பதினோராவதுக்கு வந்தார். நாலு அறுபதுக்குப் பக்கத்தில் பென்சிலை வைத்தபோது சாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்கு ரெண்டு மைல்தான் அண்ணே."