மூக்கிரட்டைச் சாறும் ஒற்றைக் கழுகும்

ஆற்றங்கரை மருதமரத்தில் மாதி என்ற பாறு கழுகு தனியாக வாழ்ந்தது. முன்பெல்லாம் அந்த மரத்தில் இடம்பிடிக்கக் கழுகுகள் அடித்துக்கொள்ளும். இப்போது எல்லாக் கிளையும் காலி.

வலி தீர்க்கும் ஊசி போட்டும் பிழைக்காத மாடு ஒன்றைக் கழுகுக் கூட்டம் வயிறு முட்டத் தின்றதுதான் காரணம். கடைசியாக வந்த மாதிக்கு ஒரு வாய்தான் கிடைத்தது. மாட்டின் உடம்பிலிருந்த அந்த ஊசி மருந்து நரிகளை ஒன்றும் செய்யாது; கழுகுகள் எல்லோருடைய சிறுநீரகத்தையும் அது கெடுத்தது. முயல் ஒன்று இரக்கப்பட்டு மூக்கிரட்டைக் கொடியின் சாற்றை எல்லோருக்கும் கொடுத்தது. மாதி மட்டும் பிழைத்தது.

ஒரு நாள் மலைக்கு அப்பாலிருந்து மல்லன் என்ற இளம் கழுகு வந்தது.

“இங்கே தங்கலாமா?”

“தங்கலாமாவா! எந்தக் கிளை வேண்டும்? இதில் நல்ல காற்று வரும்! இல்லை, அதில் உட்கார்!”

அன்று பொழுது சாயும்வரை மாதி பேச்சை நிறுத்தவேயில்லை.

மறுநாள் நரி ஓடிவந்தது. எருமைத் தோலைக் கிழிக்க அதற்குக் கழுகின் அலகு தேவைப்பட்டது.

“மல்லன் தம்பி! மேய்ச்சல் வெளியில் எருமை செத்துக் கிடக்கிறது! விருந்துக்கு வா!”

“அதற்கு நேற்று ஊசி போட்டார்கள். நான் பார்த்தேன்!” என்றது மாதி.

“அதனால் என்ன அக்கா? மூக்கிரட்டைச் சாறு குடித்துத்தானே நீங்களே பிழைத்தீர்கள்! முதலில் சாறு, பிறகு சாப்பாடு!”

மல்லன் கரையில் படர்ந்திருந்த மூக்கிரட்டையை அலகால் நசுக்கிச் சாற்றை விழுங்கியது. அதற்குள் மாதி பறந்துபோய் எருமையின்மேல் இறங்கிச் சிறகை விரித்தது.

“விலகு! பசி உயிரை வாங்குகிறது!” என்று நரியோடு வந்து சேர்ந்த மல்லன் கத்தியது.

“என் கூட்டமும் அந்தச் சாற்றைக் குடித்தது, மல்லா! நான் தின்றது ஒரு வாய். ஒரு வாய் விஷத்துக்குத்தான் அது தாங்கியது!”

“அக்காவுக்குத் தனியாகத் தின்றே பழக்கம்!” என்று நரி சீண்டியது.

மல்லன் ஆத்திரத்தில் கொத்தியது. மாதியின் இறகுகள் பறந்தன. அது அசையவில்லை.

“நீயும் உன் மரமும்! இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்!” என்று மல்லன் எழும்பிப் பறந்தது. நரி முனகிக்கொண்டே புதருக்குள் போனது.

மேய்ப்பர்கள் குழி வெட்ட வரும்வரை மாதி எருமையைவிட்டு இறங்கவில்லை. மலைமேல் மல்லன் ஒரு புள்ளியாகச் சிறுப்பதை அங்கிருந்தே பார்த்தது.

“போகட்டும். பறந்துதானே போகிறான்!” என்றது மாதி. கேட்க அங்கே யாரும் இல்லை.

காக்கும் மூலிகைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதால், அதை நம்பி நஞ்சை உண்ணத் துணிபவனை அவன் பகையைச் சம்பாதித்தாவது தடுப்பதே உண்மையான நட்பு.