செம்பிக்குப் பட்டினி, ராஜாவுக்கும் பட்டினி

முன்னொரு காலத்தில், அது எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள், ஒரு ராஜா இருந்தார். ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத ராஜா. காலில் சக்கரம் கட்டியவர் என்பார்களே, இவர் வாயிலும் ஒன்று கட்டியிருந்தார். முறுக்கு, பொரி, பணியாரம் என்று ஏதாவது உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

அவருடைய செல்லம் செம்பி என்ற கோழி. ஒருநாள் அவர் முறுக்குக் கடிக்கும்போது அது அவர் வாயையே பார்த்தது. ராஜாவுக்கு மனம் உருகிவிட்டது. தாம் உண்ணும்போதெல்லாம் செம்பிக்கும் அதையே போட வேண்டும், தடுப்பவனுக்கு நாட்டில் இடமில்லை என்று முரசறைவித்தார்.

கோழிக்கு அது தாங்குமா? சில நாளில் சுருண்டுவிட்டது. தின்ற இரை முதலில் போய்த் தங்கும் இடம் கழுத்தடியில் உள்ள தீனிப்பை. அது எலுமிச்சம்பழம் அளவு வீங்கிக் கல்லாக நின்றது. விடிவதற்குள் கரைந்து இறங்க வேண்டிய தீனி, விடிந்தும் இறங்கவில்லை. ராஜா அரண்மனைத் தரையை நடந்தே தேய்த்தார்.

இதுதான் சமயம் என்று பிரதானி சேந்தனாருக்குப் பட்டது. விகடகவி முத்தாண்டி வாய் திறந்தால் சபை சிரிக்கிறது, தாம் திறந்தால் கொட்டாவி விடுகிறது என்று அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல். முத்தாண்டி கோழி வளர்க்கும் வீட்டுப் பிள்ளை, அவனே குணமாக்கட்டும் என்றார். செம்பி பிழைக்காவிட்டால் முத்தாண்டி நாட்டை விட்டே போக வேண்டும் என்று ராஜாவும் சொல்லிவிட்டார்.

முத்தாண்டிக்கு வைத்தியம் தெரியும். ஒருநாள் தீனி கூடாது, தண்ணீரும் சில சொட்டு நல்லெண்ணெயும் போதும், தீனிப்பையை மெல்லத் தடவிவிட வேண்டும். அதைச் சொன்னதும் பிரதானி குறுக்கிட்டார்.

"தீனியை நிறுத்தினால் அரச ஆணையை மீறியவன் ஆவாய். ஆணையைத் திருத்தலாம் என்றும் எண்ணாதே. அரசர் வாக்கு பிறந்தால் பிறந்ததுதான்."

ராஜாவும் பெருமையாகத் தலையாட்டினார். தீனி போட்டால் கோழி போகும், போடாவிட்டால் ஆணை மீறல், எப்படியும் நாடு போகும். முத்தாண்டி மனைவி மக்களை நினைத்துப் பார்த்தான். ஆனாலும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே மடைப்பள்ளிக்குப் போனான்.

மறுநாள் காலை ராஜாவுக்குப் பலகாரம் வரவில்லை. பொரிகூட வரவில்லை. அவர் கத்திய கத்தலில் புறா பறந்தது. செம்பியை ஏந்திக்கொண்டு முத்தாண்டி வந்து நின்றான்.

"அரசே, செம்பியின் தீனியை நான் நிறுத்தவில்லை. தாங்கள் உண்டால் அதற்கும் கட்டாயம் போடுவேன். போட்டால் அது பிழைக்காது. பலகாரம் தயாராக இருக்கிறது. தங்கள் சித்தம்."

ராஜா கோழியைப் பார்த்தார், மடைப்பள்ளி வாசலைப் பார்த்தார், மறுபடி கோழியைப் பார்த்தார். வேண்டாம் என்றார். வாய்க்கு வேலை போனதும் கை பரபரத்தது. முத்தாண்டி அந்தக் கையில் கோழியைக் கொடுத்து, தீனிப்பையைப் பூப்போலத் தடவச் சொன்னான். ராஜா நடந்துகொண்டே தடவினார், பசிக்கப் பசிக்கத் தடவினார். ஒரு வாயாவது உண்ணும்படி பிரதானி கெஞ்சியபோது எரிந்து விழுந்தார்.

பொழுது சாயும்போது கல் மாவானது. மறுநாள் விடிந்தபோது தீனிப்பை காலி. செம்பி எழுந்து கொக்கரித்தது. ராஜாவுக்குக் கண் கலங்கியது, பாதி கோழிக்காக, பாதி பசிக்காக. என்ன வேண்டுமோ கேள் என்றார்.

"அரசே, தங்கள் ஆணை பிறந்தபடியே இருக்கட்டும், ஒன்றை மட்டும் சேர்த்துவிடுங்கள். தங்களோடு செம்பி உண்பதுபோல், செம்பியோடு பிரதானியார் உண்ணட்டும். அது உண்பதையே உண்ணட்டும். இனி அதற்குப் பலகாரத்தோடு பொடிமணலும் கறையானும் உண்டு, மணல் உள்ளே போனால்தான் தீனி அரைபடும்."

சபை பிரதானியைப் பார்த்தது. அவர் அவசரமாக முன்னே வந்தார்.

"அரசே, ஓர் ஆணையை விலக்கிக்கொள்வதும் அரசருக்கு அழகுதானே," என்றார்.

ராஜா சிம்மாசனத்தில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் கால் ஆடாமல் இருந்ததைச் சபை அன்றுதான் பார்த்தது. ஆணையை விலக்கி, முத்தாண்டிக்குப் பொற்கிழி கொடுத்து, அடுத்த மூச்சில் முறுக்கு கேட்டார். முறுக்கு வந்தது. செம்பி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மண்ணைக் கிளறப் போய்விட்டது.