வட்டி பாத்து வச்ச முகூர்த்தம்

ராயபுரத்துல ஒரு கேரம் கிளப். மேல தகர ஷீட்டு, கீழ மூணு போர்டு. சொல்லிக் குடுக்கறது மார்த்தா மாஸ்டர். அவங்கள விட சிஷ்யன் பூபாலனுக்கு ஆறு வயசு ஜாஸ்தி. ஆனா போர்டு முன்னாடி உக்காந்தா அவன் எல்.கே.ஜி.

அன்னிக்கு உக்காந்தான்னும் சொல்ல முடியாது. ஸ்டூல்ல பாதி, காத்துல பாதி. இல்லாத தையல் மெஷின ரெண்டு காலும் மிதிச்சிக்கிட்டே இருக்கு.

"மாஸ்டர், ஒரு டவுட்டு."

"கேளு."

"கல்யாணத்துக்குன்னு சேத்து வச்ச காசு. எந்தக் கணக்குல போடலாம்?"

மாஸ்டர் ஒரு வெள்ளைக் காய உள்ள அனுப்புனாங்க.

"இப்ப எங்க இருக்கு?"

"சாதா சேமிப்புக் கணக்குல குறட்டை விட்டுத் தூங்குது. அந்த வட்டிக்கு ரெண்டு முழம் பூ கூட வராது."

"கல்யாணம் எப்போ?"

"அது எந்த ஸ்கீம்ங்கறதப் பொறுத்து மாஸ்டர்."

பக்கத்து போர்டுல சண்முகவடிவேலு அடிக்கப் போன கைய நிறுத்திட்டு திரும்புனாரு.

"ஏன்டா, நீ பொண்ணு பாத்தியா, பேங்க் மேனேஜரப் பாத்தியா?"

"நீ உன் போர்டப் பாருண்ணே." பூபாலன் மாஸ்டர் பக்கம் குனிஞ்சான். "மொதல்ல வைகாசிதான் வச்சோம். ஆறு மாச டெபாசிட் ஒண்ணு நல்லாருந்துச்சு, கார்த்திகைக்குத் தள்ளுனேன். அப்புறம் பாத்தா ஒரு வருஷத்துக்குப் போட்டா வட்டி ஜாஸ்தியாம். அடுத்த வைகாசின்னேன். இப்ப புதுசா பதினஞ்சு மாச ஸ்பெஷல் ஸ்கீம் விட்டிருக்காங்க. அதுக்கும் அடுத்து வர்ற ஆவணின்னு சொல்லிட்டா ஒரு பந்திச் செலவே வட்டியில வந்துரும் மாஸ்டர்!"

"சரி. காசு ஏன் இன்னும் சேமிப்புக் கணக்குலயே இருக்கு?"

பூபாலன் தலையச் சொறிஞ்சான்.

"போடலாம்னு கெளம்பும்போதெல்லாம் அதவிட நல்லது ஒண்ணு வந்துருது."

அவன் பாக்கெட்ல போன் உறுமுச்சு. எடுத்துப் பாத்தான். கவுத்து வச்சான்.

"யாரு?"

"தாட்சாயணி. நான் கட்டிக்கப் போற பொண்ணு. அவ தாய்மாமன் வந்து வீட்ல உக்காந்திருக்காராம். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள தேதி சொல்லு, இல்லன்னா வேற எடம் பாக்கறோம்ங்கறாரு."

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுது?"

"எனக்கும் அலுத்துப் போச்சுன்னு மெசேஜ் போட்டிருக்கா. அவ சும்மா சொல்லுவா மாஸ்டர். நீங்க கணக்கச் சொல்லுங்க, ஆவணியா வைகாசியா?"

மாஸ்டர் ஸ்ட்ரைக்கர கோட்டு மேல வச்சாங்க. ரெட்டுக் காய் குழி வாயிலயே நிக்குது. பக்கத்துலயே ஒரு வெள்ள, ரெட்டுக்குப் பின்னாடியே ஃபாலோ போடறதுக்குன்னு வந்து நின்ன மாதிரி. தும்முனா ரெண்டும் விழுந்துரும்.

மாஸ்டர் விரல மடக்குனாங்க. அடிக்கல.

"என்ன மாஸ்டர்?"

"இரு. இதவிட நல்ல ஆங்கிள் வரும்."

"இதவிடவா? இதுக்கு மேல காய் தானா நடந்து குழிக்குள்ள போனாத்தான் உண்டு!"

"இரு."

ஸ்ட்ரைக்கர இந்தப் பக்கம் ஒரு விரக்கடை நகத்துனாங்க. பாத்தாங்க. அந்தப் பக்கம் நகத்துனாங்க. பாத்தாங்க. கன்னத்துல கை வச்சுக்கிட்டாங்க.

பூபாலன் நெட்டி முறிச்சான். பவுடர எடுத்து போர்டுல தூவுனான். தூவுனத ஊதுனான். போன எடுத்தான், வச்சான். பக்கத்து போர்டுல ஒரு கேம் முடிஞ்சு அடுத்ததுக்குக் காய அடுக்கிட்டாங்க.

"அடிங்க மாஸ்டர். ப்ளீஸ்."

"இப்பவே நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் பொறுத்தா இன்னும் நல்லாருக்கும்னு தோணுது."

"எனக்குக் கோவம் வருது மாஸ்டர்."

"சும்மா சொல்லுவ."

"சும்மா இல்ல, நெஜமாத்தான்!"

மாஸ்டர் தலைய நிமுத்தல. ஸ்ட்ரைக்கர மறுபடி நகத்துனாங்க.

பூபாலனால அதுக்கு மேல முடியல. ஸ்டூலக் காலால தள்ளிட்டு எழுந்துட்டான்.

"மனுசன உக்கார வச்சு இப்படியா பண்றது? காய் எங்கயும் ஓடிப் போகாது, நீங்களே தனியா உக்காந்து நாளைக்கு வரைக்கும் பாத்துக்கிட்டு இருங்க. நான் போறேன்."

விறுவிறுன்னு நடந்தான். வாசல்ல செருப்புல ஒரு கால நொழச்சப்போ மாஸ்டர் கூப்பிட்டாங்க.

"பூபாலா."

"என்ன?"

"நீ சொன்னது சரிதான். காயெல்லாம் அப்படியே இருக்கு. எதுத்தாப்லதான் ஆள் இல்ல."