பாறையடி விருந்து

ஒரு கடலில், மீன் என்று ஒன்று பிறப்பதற்கும் முந்தைய காலத்தில், இரண்டு குட்டி நண்பர்கள் இருந்தார்கள். ஒருவன் வாலன், மற்றவன் நெளியன். இருவருக்கும் எலும்பு கிடையாது. முதுகில் மெல்லிய நாண் ஒன்று மட்டும் உண்டு. அதன் பலத்தில்தான் நீந்தினார்கள்.

நெளியன் பயந்தாங்கொள்ளி. நிழலைக் கண்டாலே மணலுக்குள் புகுந்துகொள்வான். வாலனோ சரியான சோம்பேறி. நீந்துவதென்றால் அவனுக்கு வேப்பங்காயாகக் கசக்கும்.

ஒருநாள் இருவரும் ஒரு கரும்பாறையின் அடிக்குப் போனார்கள். அங்கே கொழகொழவென்று பைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கண் இல்லை, முகம் இல்லை. வாய்கள் மட்டும் திறந்து திறந்து மூடின.

"வா தம்பி, உட்கார்," என்றன பைகள், எல்லாம் ஒரே குரலில். "இங்கே சாப்பாடு தேடி வரும்."

"டேய், வேண்டாம்டா! இவர்கள் பேச்சே சரியில்லை," என்று கெஞ்சினான் நெளியன்.

"உனக்கு எதைக் கண்டாலும் பயம்தான்," என்று சிரித்த வாலன், பாறையில் தலையைச் சாய்த்தான். தலை அப்படியே ஒட்டிக்கொண்டது.

"உட்கார்ந்தாயிற்று. இனி வால் எதற்கு?" என்றன பைகள்.

"ஆமாம், எதற்கு?" என்றான் வாலன்.

"முதுகு நாண் எதற்கு?"

"அதுவும் எதற்கு?"

சற்று நேரத்தில் அவனுக்கு வயிறு நிறைந்தது. "நெளியா, என்ன ருசி தெரியுமா! நான் வாயே திறக்கவில்லை. எங்கிருந்துதான் வருகிறதோ!"

நெளியன் பார்த்தான். நண்பனின் வாலில் பாதியைக் காணோம். மீதியும் உடம்புக்குள் கரைந்துகொண்டிருந்தது.

"வாலா! நீ தின்பது உன் வாலையேடா! பிய்த்துக்கொண்டு வந்துவிடு!"

"இரு, முடித்துவிட்டு வருகிறேன்."

"இனி யோசனை எதற்கு?" என்றன பைகள்.

இந்த முறை வாலன் பதில் சொல்லவில்லை.

பயந்தாங்கொள்ளி அன்று ஓடவில்லை. அழுதுகொண்டே பாறையைச் சுற்றிச் சுற்றி வந்து நண்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். வெகுநேரம் கழித்து, வாலன் இருந்த இடத்தில் கண்ணில்லாத புதுப் பை ஒன்று மெல்ல வாய் திறந்தது. நெளியன் ஆசையோடு அருகே போனான்.

"வா தம்பி, உட்கார்," என்றது அது.

நீதி: உழைக்காமல் வயிறு நிறைந்தால், தின்றது எதை என்று உடனே பார்.