குறட்டைக்காரரின் புது ஷூ

பாசஞ்சர் ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. கதவோரப் பெஞ்சில் மட்டும் ஒரு பெரிய மனிதர் காலை நீட்டிப் படுத்திருந்தார். எதிரே நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. எப்போது விழுவாளோ என்று எல்லோருக்கும் பதைபதைப்பு.

“சார், கொஞ்சம் எந்திரிங்க” என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிடக் கூப்பிடக் குறட்டைதான் பெரிதானது. தொட்டு எழுப்பப் பயம். ஏறும்போதே “நான் யார் தெரியுமா?” என்று மிரட்டியவர் அவர்.

கடலை விற்கிற பவுனம்மா அந்தக் குறட்டையைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு பெஞ்சுக்கடியில் பளபளத்த ஷூவை எடுத்தாள்.

“யாரோ மறந்துட்டு இறங்கிட்டாங்க போலிருக்கே. இது யாருதுப்பா?”

யாரும் வாய் திறக்கவில்லை. குறட்டை மட்டும் நின்றது.

“சரி, வெளியே வீசிடறேன். தேடி வர்றவங்க எடுத்துக்கட்டும்.” அவள் கை கதவுக்கு வெளியே நீண்டது.

“ஏய், அது என்னுது” என்றார் பெரிய மனிதர், கண்ணைத் திறக்காமலே.

“தூங்கிக்கிட்டே நல்லாப் பேசுறீங்களே சார்” என்றாள் பவுனம்மா. ஷூ இன்னும் வெளியேதான் தொங்கியது. “அப்படியே தூங்கிக்கிட்டே எந்திரிச்சு உக்காருங்க. இந்தப் பொண்ணு முழிச்சுக்கிட்டே உக்காரட்டும்.”